அக்காவின் கப்பலும் இரண்டு சம்மாட்டிமாரும்

எங்கள் அன்பு அக்கா பிறந்தது முல்லைத்தீவுக் கடற்கரையில். சிறு வயதிலேயே குடும்பப் பாரம் அவர் தோளில் விழுந்தது. இடம்பெயர்ந்து விசுவமடுவில் இருந்தபோது கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதி எங்களுக்குச் சோறு போட்டார். ஆனால் எந்தப் பலகையிலும் பறங்கியர் காலத்துப் பாய்க்கப்பல் ஒன்று வந்துவிடும். அரிசிக் கடைக்கும் கப்பல்தான்.

"தங்கச்சி, நான் சைக்கிள் திருத்திறனான், கப்பல் இல்லை," என்று ஒருவர் அழாக்குறையாகச் சொன்னார். அக்கா கப்பலுக்குள் ஒரு சைக்கிளை ஏற்றிக் கொடுத்தார்.

சண்டை ஓய்ந்து ஊர் திரும்பியதும், எங்கள் மாதா சொரூபம் கப்பலில் வந்த கதையைக் கோயில் சுவரில் வரையும்படி சுவாமியார் கேட்டார். அக்காவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. மாலுமிகளுக்கு ஊர் ஆட்களின் முகங்களையே வைத்தார். வந்தது வினை! வள்ளமும் வலையும் வைத்திருந்த சம்மாட்டிமார் இருவர், கப்டனின் முகம் தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்று ஆளுக்காள் சண்டைக்குச் சாரத்தை மடித்துக் கட்டினார்கள்.

"நான் கப்டன் இல்லையெண்டா என்ர ஆக்கள் கோயில் பெருநாளுக்கு வரமாட்டினம்."

"அவன் கப்டனெண்டா கப்பல் கடலுக்கடியில தாண்டுபோகும்!"

சுவாமியாருக்குப் பொறுமை போயிற்று. "பிள்ளை, ஞாயிற்றுக்கிழமைக்குள்ள இது தீராட்டி சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சுப்போடுவன்," என்றார்.

அக்கா விக்கி விக்கி அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு போய், கப்டனுக்கு முதுகை மட்டும் வரைந்தார்.

ஞாயிறு பூசைக்கு வந்த ஒரு சம்மாட்டியார், "என்ர முதுகு அச்சொட்டா வந்திருக்கு," என்று பூரித்தார். மற்றவரின் மனைவி விடவில்லை. "அது என்ர மனுசன்ர முதுகு, இவ்வளவு காலமும் எண்ணெய் தேய்ச்ச எனக்குத் தெரியாதே?" என்றார். இரு வீட்டாரும் பெருநாளுக்கு வந்தார்கள்.

அக்கா நோயில் படுத்தபோது இருவரும் தனித்தனியே வந்து, "உண்மையைச் சொல்லு பிள்ளை, அது நான்தானே?" என்று காதோடு கேட்டார்கள். இருவருக்கும் அக்கா "ஓம்" என்றார்.

அவர்கள் போன பிறகு நான் கேட்டேன். "உண்மையில அது ஆரின்ர முதுகக்கா?"

"எங்களைப் பெத்த ஐயான்ரயடா. கடைசியாக் கடலுக்குப் போகேக்க வள்ளத்தில அப்பிடித்தான் நிண்டவர். நீ அப்ப கைக்குழந்தை. முகத்தை வரைவமெண்டுதான் இவ்வளவு நாளும் பாத்தன், ஞாபகம் வரேல்லையடா." சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன்.

நோயில் அக்காவைப் பராமரித்த அயலவர்களுக்கும், இறுதித் திருப்பலி ஒப்புக்கொடுத்த சுவாமியாருக்கும், எங்களுடன் நின்ற உறவுகளுக்கும் நன்றி. சவப்பெட்டியின் முன்பக்கத்தை யார் பிடிப்பது என்று தள்ளுப்பட்டு, கடைசியில் சேர்ந்தே சுமந்த சம்மாட்டியார் இருவருக்கும் விசேட நன்றி. இதை வாசித்துக் கோபம் வந்தால் என்னை ஏசுங்கள். சுவரை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். எங்களிடம் ஐயாவின் படம் வேறு இல்லை.