ஆர்லோவின் ஸ்பிரிங்ஃபீல்டு

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றோரம் இருந்த ஓர் ஏல நிறுவனத்தில் வெர்லின் ஹாஸ் முப்பத்தோரு வருஷமாகப் பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சோதித்து, பட்டியலுக்கு விவரம் எழுதிவந்தார். ஆசையோடு கொண்டுவருகிறவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் 'நீங்கள் நினைக்கிற பொருள் இல்லை இது' என்று சொல்லவேண்டியிருக்கும். சொல்லிச் சொல்லியே ஓய்ந்துபோயிருந்தார்.

அந்த மார்ச் மாதம் டோரீன் வந்தார். வெர்லினின் நண்பர் ஆர்லோவின் மனைவி. ஆர்லோ இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. டோரீன் கொண்டுவந்தது கணவரின் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கி. இரண்டாம் உலகப்போரில் தொலைநோக்கி பொருத்திக் குறிபார்த்துச் சுடுபவர்களுக்கென்றே செய்த ரகம். அசலாக இருந்தால் ஏழாயிரம் டாலர் வரை போகும்.

வெர்லினுக்கு அது புதிதல்ல. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், பியோரியா நகரத் துப்பாக்கிக் கண்காட்சியில் ஆர்லோ அதை நீட்டி, "எப்படிடா இருக்கு?" என்று கேட்டபோது, காபி ஆறிப்போகிற அவசரத்தில் மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, "நல்ல சரக்கு, வாங்கு" என்றவர் அவர்தான்.

இப்போது தொலைநோக்கித் தாங்கியைக் கழற்றினார். அடியில், அராவி அழித்த இடத்தில் பழைய எழுத்துகளின் தடம் மங்கலாகத் தெரிந்தது. அசலில் அந்த இடத்தில் எழுத்தே இருக்காது. சாதாரணத் துப்பாக்கியை யாரோ மாற்றிச் செய்திருக்கிறார்கள். வெர்லின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"டோரீன், இது போலி. ஆயிரத்து இருநூறு வந்தாலே அதிகம். அவன் என் பேச்சைக் கேட்டுத்தான் வாங்கினான்."

"தெரியும். வாங்கின மறு வருஷமே ஆர்லோ கழட்டிப் பார்த்துட்டாரு. ரெண்டு நாள் யாரோடயும் பேசல. அப்புறம், 'வெர்லின்கிட்ட மூச்சு விடாத, வேலையையே விட்டுடுவான்'னாரு."

"நான் உங்க வீட்டுக்கு வர்றப்பல்லாம் அதை எடுத்து என் மடியில வச்சானே!"

"நீங்க தலையை ஆட்டி ஆட்டிப் பாராட்டுறதைப் பார்க்கத்தான். நீங்க கிளம்பினதும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பாரு."

"அப்புறம் ஏன் எங்கிட்ட கொண்டுவந்தீங்க?"

"வேற எவனாவது அசல்னு எழுதி வித்துட்டா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

வெர்லினுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. 'பின்னாளில் மாற்றியமைத்தது, அசல் அல்ல' என்று பட்டியலில் எழுதினார். மே மாத ஏலத்தில் ஒரு நிமிஷத்துக்குள் ஆயிரத்து நூற்றைம்பதுக்குப் போனது. மான் வேட்டைக்கு என்றார் வாங்கியவர்.

அந்தக் கோடையில் வெர்லின் ஓய்வு பெற்றார். கடைசி வாரத்தில், தான் அசல் என்று எழுதியவற்றைச் சரிபார்க்கலாமென்று பழைய பட்டியல்களை எடுத்தார். பத்துப் பக்கம் புரட்டியதும், விற்றுப்போன எதையும் இனிக் கழற்றிப் பார்க்க முடியாதென்று உறைத்தது. பட்டியல்களை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.