ஊமல் கரியில் வந்த மாப்பிள்ளை

“…அப்ப இருபது வீட்டுக் குப்பையை எரிச்சு, அந்தப் புகையிலையோ என்ரை தம்பி மாப்பிள்ளையாய்ப் போய் இறங்கப்போறான்?”

கரவெட்டியில் மாப்பிள்ளை வீட்டுப் படலையை நான் திறந்தபோது காதில் விழுந்தது இவ்வளவுதான். முன்பாதியைக் கேட்காமல் போனது நல்லதென்றே இன்றைக்கும் நினைக்கிறேன். சொன்னவர் மாப்பிள்ளையின் தமக்கை. தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்து ஆளாக்கியவர். முற்றத்தில் நின்று அந்தத் தம்பியைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குரலைக் குறைப்பார் என்று பார்த்தேன். கூட்டினார்.

“வாருங்கோ தம்பி. உங்கடை போறணை வஸ்ஸைப் பற்றித்தான் கதைச்சுக்கொண்டு நிக்கிறம்.”

“நல்லதாய்க் கதையுங்கோ அக்கா. அதுக்கும் ரோசம் வரும்.”

என் தங்கைக்கு அவருடைய தம்பியைப் பேசி முற்றாக்கியிருந்தோம். கல்யாணம் எங்கள் வழக்கப்படி பெண் வீட்டில், புத்தூரில். பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைக்குத் தோழன். தலைப்பாகை கட்டிக்கொண்டு போய் மாப்பிள்ளையை அழைத்துவந்து, பந்தல் வாசலில் அவருடைய காலைக் கழுவி உள்ளே கூட்டிப்போக வேண்டியவன் அவன். தோழன் நான். எங்கள் பகுதியில் ஓடிய ஒற்றை வஸ்ஸுக்குச் சொந்தக்காரனும் நான், றைவரும் நான். ஆகவே மாப்பிள்ளை எதில் வருவார் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. தமக்கையாருக்கு இருந்தது.

அந்த வஸ்ஸின் கதையைச் சொல்லிவிட்டு வருகிறேன். இரண்டாம் உலகச் சண்டைக் காலம் அது. பெற்றோலுக்குக் கூப்பன். கூப்பனுக்குக் கிடைத்த பெற்றோல் கிழமையில் இரண்டு நாளுக்கும் காணாது. மற்ற நாளெல்லாம் வஸ் பூவரச மரத்தின் கீழே நின்றது. கோழிகள் பின்சீற்றில் ஏறி முட்டையிட்டன. “இப்பதான் உங்கடை வஸ்ஸாலை வீட்டுக்கு ஏதும் பிரயோசனம்” என்று மனைவி முட்டை பொறுக்கிக்கொண்டே சொல்வாள்.

அப்போதுதான் ஒரு பத்திரிகையில் படமொன்று கண்டேன். மோட்டார் வண்டிக்குப் பின்னால் பீப்பாய் ஒன்று கட்டியிருந்தது. அதற்குள் கரியைப் போட்டு, காற்றை மட்டுப்படுத்தி எரித்தால் ஒரு வாயு வரும், அந்த வாயுவில் எஞ்சின் ஓடும் என்று கீழே எழுதியிருந்ததாம். எழுத்து இங்கிலீஷ். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எனக்குப் படம் போதும். எங்கள் ஊர்க் கொல்லரும் நானுமாக இரண்டு தார்ப் பீப்பாய்களை வெட்டி ஒட்டினோம். வாயுவில் சாம்பல் கலந்து எஞ்சினுக்குள் போகாமலிருக்கக் குழாயில் தேங்காய்த் தும்பை அடைத்தோம். நெருப்பை மூட்டக் கையால் சுற்றுகிற ஊதுசில்லு ஒன்று. முதல் நாள் எஞ்சின் இருமியது. இரண்டாம் நாள் கொல்லரின் மீசையைப் பொசுக்கியது. ஐந்தாம் நாள் ஓடியது. ரொட்டி சுடுகிற போறணைபோலப் பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிறபடியால் ஊரார் அதைப் போறணை வஸ் என்றார்கள். “பாணும் போட்டுத் தருவியோ?” என்று கேட்காதவர்கள் குறைவு.

வன்னியிலிருந்து வந்த விறகுக் கரி இரண்டு மாதத்தில் நின்றுபோயிற்று. இனிக் கோழிக்குத்தான் வஸ் என்று நான் இருந்தபோது, எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், இருந்த தட்டார் கூப்பிட்டார்.

“ஏன் தம்பி வன்னிக்கு ஓடுறாய்? ஊமலைக் கரியாக்கிப் பாரன். என்ரை உலையிலை பொன் உருகிறது எதிலையெண்டு நினைக்கிறாய்?”

பனங்கொட்டையைப் பிளந்து உள்ளேயிருக்கிற வெள்ளைப் பருப்பை, பூரானை, தின்றபிறகு, அல்லது கிழங்கு கிண்டி எடுத்தபிறகு, மிஞ்சுகிற ஓடுதான் ஊமல். எங்கள் ஊரில் ஊமல் குவிந்து கிடக்காத வேலி மூலை கிடையாது. பக்கத்தில் தேங்காய்ச் சிரட்டைக் குவியல். இரண்டையும் மண்ணில் வெட்டிய கிடங்கில் போட்டு, கொளுத்தி, தகரத்தால் மூடி மண் போட்டால் அடுத்த நாள் கல்லுப்போலக் கரி. விறகுக் கரியைவிட இரண்டு மடங்கு நேரம் நின்று எரிந்தது.

அதன் பிறகு எங்கள் ஒழுங்கை ஒழுங்கையாக இருக்கவில்லை. இருபது வீடு, ஒவ்வொரு படலையிலும் ஒரு சாக்கு. சம்பலுக்குத் தேங்காய் துருவியதும் சிரட்டை நேரே சாக்குக்குள் போகும். கொடுத்தவர்களுக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. “இண்டைக்கு ஆரின்ரை வீட்டுக் கரி?” என்று கேட்டுத்தான் ஏறுவார்கள். வஸ் வேகமாக ஓடினால் அது தங்கள் வீட்டு ஊமல், ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் அது அடுத்த வீட்டு ஊமல். ஒரு மனிசி முன்சீற்றில் இருந்தவரை எழுப்பியே விட்டாள். “எழும்புங்கோ அண்ணை, நேற்று முழுக்க என்ரை சிரட்டையிலைதான் ஓடினது!” அவரும் எழும்பினார். என்ன நியாயமென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இந்தப் பெருமையெல்லாம் புத்தூரோடு சரி. கரவெட்டியில் அது குப்பை வஸ்.

“கூடாரம் கட்டி நல்ல மாட்டுவண்டில் பிடிப்பம்” என்றார் தமக்கையார்.

“சோளகக் காத்துப் பேயாய் அடிக்குது அக்கா. வல்லை வெளியிலை உங்கடை கூடாரம் பறந்து கடலிலை விழும்.”

“மோட்டுக் கதை கதையாதையுங்கோ. இருபது வீட்டு எச்சிலை எரிச்சுக்கொண்டு ஒரு நல்ல காரியத்துக்குப் போறதோ? தம்பி, நீ என்னடா சொல்லுறாய்?”

மாப்பிள்ளை அதுவரை கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றவர். “முன்சீற் எனக்கெண்டால் வஸ்ஸிலை போவம்” என்றார். அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

தமக்கையார் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். “முகூர்த்தம் பதினொரு மணிக்குள்ளை. தப்பினால் அடுத்தது ஆடி, ஒரு நல்ல காரியமும் இல்லை. ஏற்கெனவே ஒருக்காத் தள்ளிப்போன கலியாணம். இன்னொருக்காத் தள்ளிப்போனால் சனம் உங்கடை தங்கச்சியைத்தான் சொல்லும், வஸ்ஸைச் சொல்லாது. விளங்குதோ?”

விளங்கியது. முதல் வைத்த நாள் குண்டுப் பயத்தில் ஊர் கலைந்தபோது தள்ளிப்போனது. அப்போதே இரண்டு மூன்று பேர் ராசி, கீசி என்று வாய்க்குள் முணுமுணுத்திருந்தார்கள். தங்கை காதிலும் அது விழுந்திருந்தது. நான் வஸ்ஸைக் கழற்றிப் பூட்டினேன், தும்பு மாற்றினேன். கல்யாணத்துக்கு முதல்நாள் பின்னேரமே கரவெட்டிக்கு ஓட்டிப்போய் நிறுத்தினேன். திரும்பி வரும் ஓட்டத்துக்கு நல்ல ஊமல் கரி இரண்டு சாக்கு. அதை அவர்கள் கிணற்றடியில் இறக்கிவைத்துவிட்டு அங்கேயே படுத்தேன்.

விடிந்தது. குளித்து, தலைப்பாகை கட்டி, சால்வை போட்டுக்கொண்டு கரியைத் தூக்கினேன். சாக்கில் ஈரம். கிணற்றடிதானே, வாளித் தண்ணீர் தெறித்திருக்கும் என்று நினைத்தேன். பீப்பாயின் அடியில் முதல்நாள் மிச்சக் கரி இருந்தது, அதற்குமேல் இரண்டு சாக்கையும் அவசரத்தில் பார்க்காமலே கொட்டி மூடினேன். ஊதுசில்லைச் சுற்ற நெருப்புப் பிடித்தது, எஞ்சின் பிடித்தது. மாப்பிள்ளை முன்சீற்றில், தமக்கையார் கூறைச்சேலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால், சொந்தக்காரர் இருபத்தைந்து பேர் அதற்குப் பின்னால். கரவெட்டிச் சந்தியில் சனம் நின்று பார்த்தது. நான் தேவையில்லாமல் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தேன்.

வல்லைப் பாலம் கடந்து வெளிக்குள் இறங்கியதும் வஸ் தளர்ந்தது. ஒரு முறை விக்கியது. நின்றது.

வல்லை வெளி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு மரமில்லை, ஒரு வீடில்லை. உவர் நிலமும் வானமும் நடுவில் றோட்டும்தான். மாப்பிள்ளையின் கைக்கடிகாரத்தில் ஒன்பதரை. புத்தூருக்கு இன்னும் நாலு மைல். பட்டுடுத்த பெண்கள் நடக்கிற தூரமில்லை, கேட்க ஒரு வண்டிலும் கண்ணுக்கெட்டவில்லை.

பின்னால் ஓடிப்போய்ப் பீப்பாய் மூடியைத் திறந்தேன். வெள்ளை வெளேரென்று ஆவி முகத்தில் அடித்தது. அதில் மஞ்சள் வாசம். கரியில் மஞ்சள் வாசம் வர நான் அதற்குமுன் அறியேன். கையை விட்டு ஒரு துண்டை எடுத்தேன். நனைந்து சொட்டியது. அடியில் இருந்த காய்ந்த கரி எரிந்து முடிய, மேலிருந்த ஈரக் கரி இறங்கி நெருப்பை அவித்துவிட்டது.

“ஆர் இதுக்குத் தண்ணி ஊத்தினது?” என்று கத்தினேன். தோழன் கத்தக்கூடாதுதான்.

வஸ்ஸுக்குள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தமக்கையார் கூறைத்தட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

“நான்தான். மஞ்சள் தண்ணி தெளிச்சனான்.”

“தெளிச்சதோ அக்கா? இது குளிச்சிருக்கு!”

“இருபது வீட்டு எச்சிலெல்லோ தம்பி. மாவிலையாலை தெளிச்சுப் பார்த்தன், எனக்கு மனம் ஆறேல்லை. பிறகு சாக்குக்கு மூண்டு குடம் ஊத்தினன். துடக்கு வீட்டிலை தீட்டுக் கழிக்கச் செய்யிறதுதானே. கரி நனைஞ்சால் எரியாதெண்டு…” நிறுத்தினார். ஆயுள் முழுக்க அடுப்படியில் நின்றவர். கரி நனைந்தால் எரியாது என்று அவருக்குத் தெரியாமலா? வஸ்ஸுக்குள் போகிற கரி வேறு சாதிக் கரி என்று நினைத்துவிட்டார். அவருடைய முகம் போன போக்கில் எனக்கு வந்த கோபம் பாதி போயிற்று.

“அக்கா, கரிக்குக் கல்யாணமெண்டு நினைச்சியோ?” என்றார் மாப்பிள்ளை. பின்சீற்றில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

தமக்கையார் சிரிக்கவில்லை. “காய வைச்சால் எரியுமோ?”

“எரியும். நேரம்?”

அவர் வானத்தைப் பார்த்தார். வெயில் ஏறியிருந்தது. சோளகம் சேலைகளைப் பிடுங்கிக்கொண்டு நின்றது. பந்தியில் மாற்றிக் கட்டுவதற்குக் கொண்டுவந்த சேலையை மூட்டையிலிருந்து உருவி, நடுறோட்டில் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்தார். “கொட்டுங்கோ.”

“இது புதுச் சேலை அக்கா.”

“கொட்டு எண்டுறன்!”

பீப்பாயிலிருந்து அள்ளிக் கொட்டினேன். ஊமல் கரி உள்ளுக்குத் தண்ணீர் குடிக்காது, ஈரம் தோலில்தான். அது எனக்குத் தெரியும், அந்த நம்பிக்கையில்தான் கொட்டினேன். ஒரு சேலை காணவில்லை. ஆண்கள் சால்வைகளை விரித்தார்கள். ஒருவர் கூறையையும் விரிப்போமா என்று பகிடிக்குக் கேட்டு, தமக்கையாரிடம் நல்ல பேச்சு வாங்கினார். பெண்கள் குந்தியிருந்து மிளகாய் காயவைப்பதுபோலக் கரியைப் பிரட்டினார்கள். கரவெட்டியிலிருந்து தவறுதலாகக்கூடக் கையில் அழுக்குப் படாமல் வந்த சனம் முழங்கை வரைக்கும் கறுத்தது. சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் இறங்கி, “என்ன, வல்லை வெளியிலை கரிச் சந்தையோ?” என்றார். “விலை கேளாதேங்கோ, இது மாப்பிள்ளை வீட்டுக் கரி” என்று பதில் போயிற்று. அவரும் சைக்கிளைச் சாத்திவிட்டு இருந்து பிரட்டினார்.

பத்தேகால். கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தேன். மந்தமாகச் சத்தம் போட்ட கரி இப்போது கணீரென்றது. அள்ளிப் போட்டோம். ஊதுசில்லை நான் சுற்றினேன், கை ஓய்ந்தபோது தமக்கையார் வாங்கிச் சுற்றினார். வளையல்கள் குலுங்கின. சைக்கிள் பெரியவர் “விடாதை மேனை, விடாதை” என்று பக்கத்தில் நின்றார். குழாயின் வாயில் நெருப்புக்குச்சியை வைத்துப் பார்த்தேன். வாயு நீலமாகப் பிடித்தது.

எஞ்சின் இருமியது. பிறகு ஒருபோதும் நிற்காததுபோல முழங்கியது. வஸ்ஸுக்குள் எழுந்த கூச்சலில் எந்தக் கல்யாண மேளமும் தோற்றிருக்கும்.

புத்தூர்ச் சந்தியில் திரும்பியபோது பத்தே முக்கால். ஒழுங்கை முகப்பில் எங்கள் ஆட்கள் வெளிறிப்போய் நின்றார்கள். “வந்திட்டினம்! வந்திட்டினம்!” என்று ஒருவர் பந்தலுக்குள் ஓடினார். மேளம் தொடங்கியது. உள்ளே தங்கையின் முகம் எப்படி மாறியதென்று பிறகு மனைவி சொன்னாள். அதை எழுதினால் தங்கை என்னோடு கதைக்கமாட்டாள்.

மாப்பிள்ளை மட்டும் பளிச்சென்று இறங்கினார். அவரை ஒருவரும் கரியில் கை வைக்க விடவில்லை. பலகையில் ஏறி நின்றார். நான் செம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு குனிந்தேன். அப்போதுதான் என் கைகளைப் பார்த்தேன். முழங்கை வரை பீப்பாய்க் கறுப்பு. தலைப்பாகையில் ஐந்து விரல் அடையாளமும் இருந்ததாம்.

“தோழன் கால் கழுவினால் மாப்பிள்ளை கறுத்துப்போவார்!” என்று யாரோ சொல்ல, பந்தல் முழுக்கச் சிரிப்பு. ஐயர் உள்ளேயிருந்து நேரம், நேரம் என்று அவசரப்படுத்தினார். நான் செம்போடு அப்படியே நின்றேன்.

தமக்கையார் வஸ்ஸிலிருந்து இறங்கி, சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவருடைய கையும் என் கை மாதிரித்தான். என் கையிலிருந்த செம்பை வாங்கினார். “நீட்டுங்கோ” என்றார். இரண்டு வீட்டுச் சனமும் பார்த்து நிற்க, என் கைகளில் தண்ணீரை ஊற்றி, தன் விரல்களால் தேய்த்துக் கழுவினார். கரி போகவில்லை. பின்னால் திரும்பாமலே, இன்னொரு செம்புத் தண்ணீருக்குக் கையை நீட்டினார்.