நாலாவது விரல்

அந்த வீட்டு மூத்த மருமகளுக்குத் தெருவில் 'பங்கு அக்கா' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் ஒரு அவித்த முட்டையை நூலால் அறுத்து அவளுக்கும் தங்கைக்கும் கொடுத்தபோது, தன் பாதியில் மஞ்சள் கரு குறைவு என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவள் அவள். கல்யாணமாகி வந்த பிறகும் அந்தக் கண் மாறவில்லை. கொடியில் எந்தப் பக்கம் வெயில் நன்றாக விழுகிறது, அங்கே யார் துணி காய்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. பிறர் பங்கை அவள் எடுத்ததில்லை. தன் பங்கு எங்கே என்று கேட்பாள், அவ்வளவுதான்.

அவள் கணவரும் கொழுந்தனும் சேர்ந்து டைல்ஸ், குழாய் விற்கும் கடை வைத்திருந்தார்கள். கடைக்கு ஒரு வேன், வீட்டுக்கு ஒரு கார். வேன் கொழுந்தன் கையில். காரை ஓட்டியது பெரும்பாலும் கொழுந்தன் மனைவி, இளையவள். கை கால் விழுந்தவர்களுக்கு வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி வேலை அவளுக்கு.

இளையவள் குள்ளம். சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை பங்கு அக்காவின் கணவர் ஏறினால், சீட்டைப் பின்னால் தள்ளாமல் முட்டி இடிக்க இடிக்கவே ஓட்டுவார். "நாளைக்குப் பாப்பா எடுக்கணுமே, எதுக்கு மாத்திக்கிட்டு" என்பார். தம்பி மனைவியை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் அவருடைய நாற்காலியைப் பெருக்குவதற்காக ஒரு சாண் நகர்த்தினால் ஊரைக் கூட்டுகிற மனிதர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அந்த முட்டியைப் பார்க்கும்போதெல்லாம் பங்கு அக்காவுக்கு வயிற்றில் ஒரு கொள்ளிக்கட்டை புரளும்.

எதிர்வீட்டு மளிகைக் கடைக்காரரின் காரை யாரோ கள்ளச்சாவி போட்டு ஓட்டிக்கொண்டு போனார்கள். மறு வாரமே இவர்கள் காரில் விரல் ரேகை பார்க்கும் மெஷின் வந்துவிட்டது. ஸ்டியரிங் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. பதிந்த விரலை வைத்தால் பச்சை விளக்கு எரியும், வண்டி கிளம்பும். இல்லாவிட்டால் சாவியே இருந்தாலும் அசையாது.

"நாலு விரல் பதியலாம் சார்," என்றான் பொருத்த வந்த எலக்ட்ரீஷியன். "தினமும் ஓட்டுறவங்க ரெண்டு கையிலயும் ஒவ்வொண்ணு பதிஞ்சிக்கங்க. ஒண்ணுல அடிபட்டா இன்னொண்ணு உதவும்."

"அப்ப எனக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு, பாப்பாவுக்கு ரெண்டு," என்றார் கணவர்.

பாப்பாவுக்கு ரெண்டு. சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பங்கு அக்கா சோப்பு நுரையோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"எனக்கு?"

"உனக்கு எதுக்கு? உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே."

"வீட்ல நாலு பேரு. பெட்டியில நாலு விரல். இதுல யாருக்குக் கணக்கு வரலை?"

"வைக்கோல் போர்ல நாய் படுத்த கதை," என்று கொழுந்தன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நாய்னே வெச்சுக்க தம்பி. என் விரலைப் பதியச் சொல்லு."

இளையவள் நகர்ந்து வழிவிட்டாள், நாலாவதாகப் பங்கு அக்காவின் விரல் பதிந்தது. அவள் சண்டை போட்டிருந்தால்கூடப் பங்கு அக்காவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அண்ணனும் தம்பியும் சரக்கு எடுக்க வெளியூர் போயிருந்த சமயம், கண்ணாடித் தம்ளர் கழுவும்போது உடைந்து இளையவளின் வலது ஆள்காட்டி விரலைக் கிழித்தது. தையல், கட்டு. பதிந்திருந்தது அந்த ஒரு விரல்தான். எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டாள்.

"புதுசாப் பதியணும்னா முதல்ல சார் விரலை வைக்கணும் மேடம். எங்களாலயும் முடியாது. முடிஞ்சா திருடனாலயும் முடியுமே."

அன்றைக்குப் பார்த்து ஒரு முதியோர் இல்லத்தில் அவளைப் பன்னிரண்டு மணிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். மாதச் சம்பளத்தில் நிரந்தர வேலை. வீடு வீடாக அலைய வேண்டியதில்லை. அதற்காக இரண்டு வருடமாகக் காத்திருந்தாள். அதற்கு முன் ஒரு நோயாளியையும் பார்த்தாக வேண்டும். மழை பிடித்திருந்ததால் வாடகை வண்டி ஒன்றும் சிக்கவில்லை.

"அக்கா, கூட வந்து விரல் வெச்சுத் தர்றீங்களா?"

பங்கு அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. உடனே வந்துவிடலாமா? மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தாள். புடவை மாற்றினாள். இளையவள் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பதை ஜன்னல் வழியாக ஆசை தீரப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். விரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

"ஒவ்வொரு தடவை நிறுத்திக் கிளப்பும்போதும் வெக்கணும்ல?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"அப்ப நான்தான் சாவி."

நோயாளி வீட்டில் அவளையும் உள்ளே அழைத்தார்கள். பக்கவாதத்தில் கை மூடிக்கொண்ட பெரியவர் ஒருவர். இளையவள் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, அவருடைய விரல்களைத் தன் நல்ல கையால் ஒவ்வொன்றாக நீவிப் பிரித்தாள். "நேத்து மருமகளைத் திட்டினீங்களாமே, அந்த வேகத்தைக் கையில காட்டுங்க பார்ப்போம்," என்றாள். பெரியவர் கோணிய வாயால் சிரித்தார். வாய் ஓயாமல் பேச்சு, கேலி, கதை.

பங்கு அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். இதே வாய்தான் வீட்டில் "சரிக்கா", "ஆமாக்கா" என்பதைத் தாண்டாது. ஆறு வருடம் ஒரே அடுப்பில் சமைத்திருக்கிறார்கள். ஒருநாள் இப்படிக் கேலி செய்ததுண்டா? யாரோ ஒரு கிழவருக்கு இத்தனை. எனக்கு எண்ணி இரண்டு வார்த்தை. காரும் சீட்டும் அப்போது அவளுக்குச் சின்ன விஷயமாகிவிட்டன.

"எனக்குத் தலை வலிக்குது. டீ குடிச்சிட்டு வண்டிகிட்ட நிக்கிறேன்," என்று எழுந்து போனாள்.

டீக்கடை எதிர்ச்சாரியில். இளையவள் வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்தாள். போன் அடித்தாள். பங்கு அக்காவின் பைக்குள் போன் அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. தூணுக்குப் பின்னால் நகர்ந்து இன்னொரு டீ சொன்னாள். தேடட்டும். ஒரு நாளாவது என்னைத் தேடட்டும்.

இளையவள் மறுபடி அடித்தாள். தெருமுனை வரை நனைந்துகொண்டே ஓடிப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு காரில் உட்கார்ந்து, பல்லால் கட்டைக் கடித்து அவிழ்த்தாள். தையல் போட்ட விரலை அந்தப் பெட்டியில் வைத்து அழுத்தினாள். எடுத்துத் துடைத்து, மறுபடி அழுத்தினாள். துடைத்த துணி சிவந்திருப்பது எதிர்ச்சாரி வரை தெரிந்தது.

பங்கு அக்கா டம்ளரை வைத்துவிட்டு ஓடினாள்.

"டீக்கடையில கூட்டம்," என்றாள் மூச்சு வாங்க.

இளையவள் திரும்பிக் கடையைப் பார்த்தாள். பெஞ்சு காலியாக இருந்தது. "விரலை வைங்கக்கா," என்றாள்.

முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மேலாளர் கிளம்பிவிட்டிருந்தார். நேரத்துக்கு வந்த இன்னொரு பெண்ணுக்கு வேலையைக் கொடுத்துவிட்டார்களாம்.

ஆண்கள் ஊர் திரும்பினார்கள். "என்ன பாப்பா, வேலை என்னாச்சு?" என்றார் மூத்தவர்.

"மழை மாமா. டிராஃபிக். லேட்டாயிடுச்சு."

காட்டிக்கொடுப்பாள், பதிலுக்குப் பதில் பேசலாம் என்று பங்கு அக்கா இரண்டு நாளாக வார்த்தைகளைத் தீட்டி வைத்திருந்தாள். பெருந்தன்மையையும் இவளே எடுத்துக்கொண்டால் எனக்கு என்ன மிச்சம்?

எலக்ட்ரீஷியனும் வந்தான். மூத்தவர் மனைவியைப் பார்த்து, "இப்பவாவது உன் விரலை எடுத்துட்டுப் பாப்பாவோட இன்னொரு விரலைப் பதியலாமா?" என்றார்.

"வேண்டாம் மாமா, அக்காவோடது இருக்கட்டும்," என்றாள் இளையவள்.

அதுதான் பொறுக்கவில்லை.

"டிராஃபிக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள் பங்கு அக்கா. "நான்தான் டீக்கடையில ஒளிஞ்சு நின்னேன். போன் அடிச்சா, எடுக்கல. அவ வேலை போனது என்னாலதான். என்னோடதை எடு, அவளுக்குப் பதி."

எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூ டிரைவரை உற்றுப் பார்த்தான். கொழுந்தனுக்கு மட்டும் எதனாலோ சிரிப்பு வந்துவிட்டது.

"நான் சொல்லாமத்தானே விட்டேன்?" என்றாள் இளையவள். "நீங்க ஏன்கா சொன்னீங்க?"

"உனக்கு மட்டும்தான் நல்ல பேரா?"

இளையவள் இடது கை விரலைப் பதிந்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். அதன் பிறகு பல நாள் அவள் பங்கு அக்காவோடு பேசவில்லை. "சரிக்கா"கூட நின்றுபோனது. பங்கு அக்கா அதைத் தலை குனிந்து ஏற்றுக்கொண்டாள். செய்ததற்குக் கிடைத்த கூலி, முழுக்கத் தன்னுடையது என்று இருந்தாள். சிரித்த குற்றத்துக்காக இளையவள் தன் புருஷனோடும் பேசுவதில்லை என்று தெரியவந்த அன்றுதான் அவளுக்கு மறுபடி வயிறு எரிய ஆரம்பித்தது.

"தப்பு பண்ணினது நானு," என்று கொழுந்தனிடம் நேராகவே கேட்டாள். "அவ கோபத்துல உனக்கு என்னப்பா பங்கு?"