சொறியாதே, ஊது

பிள்ளை பார்க்கும் வேலையில் பிள்ளைகளைச் சமாளிப்பது சுலபம். அவர்களை விட்டுவிட்டுப் போகிறவர்களையும், வந்து எட்டிப் பார்த்து யோசனை சொல்கிறவர்களையும் சமாளிக்கத்தான் ஆள் வைப்பார்கள்.

ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில், சுவாவுக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் ஆயாவாக இருந்தேன். தாய்மார்கள் வேலைக்காட்டுக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் ஆயாக் கொட்டகை. ஆயா என்றதும் பல் போன கிழவியை நினைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. பால் வெட்டப் போன இடத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிந்து கோணலாகக் கூடிவிட்டது. இனி கத்தி பிடிக்க லாயக்கில்லை என்று கங்காணி என்னைக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார். அன்று முதல் மீசை வைத்த ஆம்பளைகள்கூட என்னை ஆயா என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஊரை ஜப்பான்காரன் ஆண்டான், கொட்டகையைக் கரப்பான் ஆண்டது. முதலில் பிள்ளையின் கன்னத்துத் தோல் சிவக்கும். பிறகு முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு என்று இறங்கும். தடிக்கும், நீர் வடியும், பொருக்குக் கட்டும். பிள்ளை சொறிந்து அந்தப் பொருக்கையும் பிய்த்துவிடும். அரிக்கிற பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அது உங்கள் முகத்தைப் பார்த்து அழுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். உட்காருங்கள், சொல்கிறேன்.

பத்தியம்

கொட்டகையில் கரப்பான் அதிகம் பிடித்தது அஞ்சலையின் மகள் தனத்தைத்தான். சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது அஞ்சலையின் புருஷன் வீராசாமியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அப்போது தனத்துக்குத் தலைகூட நிற்கவில்லை. போனவரிடமிருந்து ஒரு தகவலும் கிடையாது. அஞ்சலை வேலைக்குப் போனால்தான் பங்கீட்டு அரிசி, போகாவிட்டால் இல்லை.

தாய் தின்பதுதான் பாலில் இறங்கிக் கரப்பானாகிறது என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் ஆளுக்கொரு பத்தியம் சொன்னார்கள். கத்திரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, நிலக்கடலை ஆகாது. தின்னாதே என்று சொல்ல முதலில் அதெல்லாம் கண்ணில் பட வேண்டுமே. ரப்பர் மரத்தை வெட்டிவிட்டு மரவள்ளி நட்டிருந்த காலம் அது. கடைசியில் மரவள்ளியும் கரப்பான் பண்டம்தான் என்றார் கங்காணியின் சம்சாரம். அஞ்சலை அதையும் விட்டாள். இரண்டொரு நாளில் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போதே மயங்கி விழுந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரசர் நல்ல மனிதர். பட்டினி கிடந்தால் கரப்பான் போகாது, பால்தான் போகும் என்று திட்டி அனுப்பினார். மறுநாள் கங்காணி சம்சாரம் சர்க்கரைவள்ளியும் ஆகாது என்று சொல்ல வந்தார். அஞ்சலை மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டாள்: "காத்தும் கரப்பான் பண்டமாக்கா? இல்லேன்னா சொல்லுங்க, இன்னிக்கு அதையே ஆக்கிடுறேன்."

சாம்பல் சோப்பு

அதே கங்காணி சம்சாரத்துக்குக் கைவேலையில் குறைவில்லை. கடைகளில் சோப்பு காணாமல் போன பிறகு, சாம்பல் தண்ணீரையும் செம்பனை எண்ணெயையும் காய்ச்சி அவரே சோப்பு செய்தார். அழுக்கினால்தான் கரப்பான் என்று சொல்லி ஒரு கட்டியைக் கொட்டகைக்கும் கொடுத்தார். நானும் நம்பித் தேய்த்தேன். கொட்டகையே அலறியது. தனத்தின் கன்னம் சாயங்காலம் வெடித்துவிட்டது. என் கையில்கூடத் தோல் உரிந்தது.

கட்டியை எடுத்துக்கொண்டு டிரசரிடம் போனேன். அவர் அதை முகர்ந்து பார்த்து, தரை கழுவ வைத்துக்கொள்ளச் சொன்னார். பிள்ளைக்குச் சோப்பே வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரமாகக் குளிப்பாட்ட வேண்டும். துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். நீர் வடிகிற இடத்தில் கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த துணி. வேர்க்க விடக் கூடாது, நகம் வளர விடக் கூடாது, மேலே படுவது பழைய பருத்தித் துணியாக இருக்க வேண்டும். தோல் வறண்டால் அரிக்கும், அரித்தால் சொறியும், சொறிந்தால் இன்னும் வறளும். அந்தச் சுற்றை எங்காவது ஓர் இடத்தில் அறுத்தால் போதும் என்றார். நான் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கோ வெட்கமாக இருந்தது போலிருக்கிறது, பின்னால் இருந்த காலிப் புட்டிகளைக் காட்டினார். "மருந்து இருந்தா நான் ஏன் ஆயா இவ்வளவு பேசறேன்?"

நகமும் நாயும்

பச்சைப் பிள்ளை நகத்தில் கத்தி வைக்கத் தாய்மார்கள் விடவில்லை. செவ்வாய் வெள்ளி வேறு ஆகாது. பல்லால் கடித்து எடுக்கலாமாம், அதற்கு மட்டும் நாள் கிழமை கிடையாது. ஆக, கொட்டகைப் பிள்ளைகள் அத்தனை பேர் நகத்தையும் என் பல்தான் பார்த்துக்கொண்டது. சாப்பாட்டுக்கு அதிக வேலை இல்லாத பல், இதற்காவது உதவட்டும் என்று விட்டுவிட்டேன்.

நடக்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு வழி கண்டுபிடித்தேன். கை சொறியப் போனால் பிடித்துக்கொண்டு, "சொறியாதே, ஊது" என்பேன். நான் முதலில் அந்த இடத்தில் ஊதிக் காட்டுவேன். அதுகளும் ஊதும், காற்றைவிட எச்சில்தான் அதிகம் வரும். ஆனாலும் ஊதி முடிப்பதற்குள் அரிப்பு கொஞ்சம் மறந்துபோகும். நாளடைவில் ஒன்று சொறிந்தால் இன்னொன்று ஓடிப்போய் ஊதியது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு சண்டைக்கு வந்தாள்: "சொறியிற நாயப் பாத்து எம்புள்ள கிட்டப் போயி ஊதுது ஆயா. கடிச்சா நீயா பதில் சொல்லுவ?"

ரப்பர் போர்வை

துணிப் பஞ்சம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். சாக்கைச் சட்டையாகத் தைத்துப் போட்டோம், பிள்ளை தூங்குகிற ஏணையையும் சாக்கிலேயே கட்டினோம். புரண்டு படுத்தால் கன்னத்தை அரம் போல் அராவும். கங்காணிக்குத் தன் பேரனைச் சாக்கில் போட மனம் வரவில்லை. ரப்பர் ஷீட்டை மெல்லிசாக அடித்துப் போர்வை செய்து, பையனைச் சுருட்டிக் கொண்டுவந்தார். மழை, காற்று, கொசு எதுவும் உள்ளே போகாது என்று பெருமைப்பட்டார். பிரித்தால் பையன் வெந்துபோய், கழுத்து முதல் கால் வரை செக்கச் செவேலென்று கிடந்தான். அந்த நேரம் பார்த்து வந்த டிரசர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "உள்ள ஒண்ணும் போகாது, சரிதான் கங்காணி. வேர்வை எந்த வழியா வெளிய வரும்?"

பெரிய கிராணியின் உத்தரவு

வெள்ளைக்கார துரை ஓடிய பிறகு தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் ஆபீஸ் கணக்கு எழுதிவந்த பெரிய கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர். செரம்பானிலிருந்து ஜப்பான் அதிகாரி வந்து லயம், ஆஸ்பத்திரி, கொட்டகை எல்லாவற்றையும் பார்க்கப் போகிறான் என்று அவருக்குச் செய்தி வந்தது. புண் உள்ள பிள்ளை எதுவும் அன்று கொட்டகையில் இருக்கக் கூடாது, அதற்குப் பிறகும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். தொற்று வியாதி என்று அவன் நினைத்துவிட்டால் கொட்டகையையே மூடிவிடுவான் என்பது அவர் பயம்.

எனக்குத் தனம்தான் கண்ணில் நின்றாள். தனத்தைக் கொட்டகையில் சேர்க்காவிட்டால் அஞ்சலை வேலைக்குப் போக முடியாது. அவள் போகாவிட்டால் அரிசி இல்லை. டிரசரையும் கூட்டிக்கொண்டு போய், கரப்பான் ஒட்டாது, ஒரு தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது என்று கெஞ்சினோம். கிராணி கெட்டவர் அல்ல. கொஞ்ச நாள் தவணை கொடுத்தார், அதற்குள் பிள்ளையின் முகம் தெளிந்தால் பார்க்கலாம் என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "ஒட்டாத வருத்தம் எண்டு எனக்கும் விளங்குது, டிரசருக்கும் விளங்குது. வாள் வைச்சிருக்கிறவனுக்கு ஆர் விளங்கப்படுத்துறது?"

கல்யாண வேட்டி

குளிப்பாட்டல், எண்ணெய், நகம், ஊதல் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கையும் காலும் ஆறி வந்தன, கன்னம் மட்டும் ஆறவில்லை. சாக்கு ஏணைதான் காரணம் என்று எனக்குத் தெரியும். என் மாற்றுச் சேலை ஏற்கெனவே நனைத்துப் போடும் துணியாகிக் கொட்டகை முழுக்கப் போய்விட்டது. அஞ்சலைக்கு உடம்பில் கட்டியிருந்த சேலையைத் தவிர வேறு இல்லை. ஆனால் அவள் தகரப் பெட்டியில் வீராசாமியின் கல்யாண வேட்டி இருந்தது.

வீட்டுக்கே போய்க் கேட்டேன். கிழித்தால் ஏணைக்குள் விரிக்க ஒரு துண்டு, கைக்கு உறை தைக்க ஒரு துண்டு, முகத்தில் ஒற்ற ஒரு துண்டு என்று கணக்கெல்லாம் சொன்னேன். அவள் பெட்டியை மூடி அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. பிள்ளையின் தோல் தினமும் கிழிகிறது, உனக்குத் துணி பெரிதா என்று கேட்டுவிட்டு வந்தேன். லயத்து முனை திரும்பும்போதுதான் உறைத்தது. திரும்பி வருவார் என்று காத்திருக்கிற புருஷனின் வேட்டியை எந்தப் பெண்ணும் தன் கையால் கிழிக்க மாட்டாள். அதற்கு வேறு அர்த்தம் ஆகிவிடும்.

மறுநாள் பெரட்டுக்கு முன்பே அஞ்சலை கொட்டகைக்கு வந்தாள். இடுப்பில் தனம், தோளில் அந்த வேட்டி. கஞ்சிப் பசை போக அலசி, கசக்கி, பூப்போல மெத்தென்று ஆக்கியிருந்தாள். சாக்கு ஏணையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, வேட்டியை முழுசாக விட்டத்தில் போட்டுத் தொங்கவிட்டு முடிந்தாள். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். பிள்ளையைக் கிடத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "கிழிக்கல ஆயா. முடிச்சுதான் போட்டேன். வந்தா அவுத்துக் குடுத்துடலாம்."

அதிகாரி வந்த நாள்

வேட்டி ஏணையில் தனம் புரண்டு புரண்டு தூங்கினாள். கன்னத்தின் பொருக்கு உதிர்ந்து, இளஞ்சிவப்பாகத் தோல் மூடியது. தழும்பு இருந்தது, புண் இல்லை. அதிகாரி வந்தான். பூட்ஸ் சத்தத்தில் பிள்ளைகள் அழுகையை விழுங்கிக்கொண்டு நின்றன. சாக்கு ஏணைகளைத் தாண்டி வந்து வெள்ளை ஏணையின் முன் நின்றான். துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தான். பிள்ளையை வெளியே போடச் சொன்னால்கூடக் கிராணியின் காலில் விழலாம். வேட்டியைக் கேட்டால் அஞ்சலைக்கு என்ன சொல்வது? அவன் ஏதோ சொன்னான், யாருக்கும் புரியவில்லை. ஏணையை லேசாக ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுப் போய்விட்டான். அவன் கார் தூசி அடங்கிய பிறகு கிராணி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "பிள்ளையை அவன் பார்க்கவே இல்லை. வீட்டில அவனுக்கும் ஒரு தொட்டில் இருக்கும் போல."

தனம் கொட்டகையிலேயே இருந்தாள். கரப்பான் அதோடு ஒழிந்தது என்று நினைக்காதீர்கள். போகும், வெயில் ஏறினால் வரும், பல் முளைத்தால் வரும், காரணமே இல்லாமலும் வரும். நாங்களும் தண்ணீர், எண்ணெய், வேட்டி என்று அதைத் தணித்து அனுப்பிக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்தவர்

சண்டை முடிந்து, சயாமுக்குப் போனவர்கள் ஒருவர் இருவராக வந்தார்கள். பல பேர் வரவே இல்லை. ஒருநாள் கொட்டகை வாசலில் சாக்குக் கால்சட்டையோடு ஓர் ஆள் வந்து நின்றார். யார் வேண்டும் என்று கேட்டேன். என்னை அடையாளம் தெரியவில்லையா ஆயா என்ற பிறகுதான் அது வீராசாமி என்று புரிந்தது. கால் முழுக்கச் சிரங்கு.

ஆள் விட்டு அஞ்சலையை வரவழைத்தேன். மண் கையோடு ஓடி வந்தவள் அவரைப் பார்த்தாள். நேரே உள்ளே போய் விட்டத்தில் இருந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். எத்தனையோ மாதப் பாரம் இறுக்கிய முடிச்சு, லேசில் விடவில்லை. நான் பல்லை வைத்து இழுத்துக் கொடுத்தேன். எண்ணெயும் கரப்பான் கறையும் ஏறி, மறுபக்கம் தெரியும் அளவுக்கு நைந்த வேட்டியை மடித்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை முகத்தில் ஒற்றிக்கொண்டார். பிறகு சாக்கின் மேலேயே கட்டிக்கொண்டு வாசல் திண்டில் உட்கார்ந்தார். எனக்கும் அஞ்சலைக்கும் அழுகைதான் வந்தது.

தனம் அதற்குள் ஓடியாடுகிற பிள்ளையாகிவிட்டாள், அவளுக்கு அவர் யாரென்று தெரியாது. தன் ஏணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆளை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கை தானாக முழங்காலுக்குப் போய்ச் சொறிந்தது. உடனே கிட்டே போனாள். அவர் கையைப் பிடித்து விலக்கினாள், குனிந்து எச்சில் தெறிக்க ஊதினாள், நிமிர்ந்து அதட்டினாள்: "சொறியாத. ஊது."

இத்தனை பிள்ளைகளின் கையைப் பிடித்துவைத்த பாவத்துக்கு, இந்த வயதில் ஒரு கொசு கடித்தால்கூட யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொறிந்துகொள்கிறேன்.