சரிகை எரிந்த வாடை

தெருமுனைக் குப்பையில் யாரோ கழிவுப் பட்டுநூலைக் கொளுத்தியிருக்கிறார்கள். மயிர் பொசுங்கும் அந்த வாடை மாடியேறி வந்து என் அறையை நிறைக்கிறது.

சின்ன வயதில் எங்கள் பக்கத்து வீட்டில் ஏழுமலை இருந்தார். பழைய பட்டுப்புடவைகளை எரித்துச் சரிகையிலிருந்து வெள்ளி எடுப்பது அவர் தொழில். சாம்பலைத் திராவகத்தில் கரைப்பார். பழுப்புப் புகை சுவரேறிக் குதிக்கும். மிஞ்சும் கழிவை எங்கள் வாசல் சாக்கடையில் ஊற்றுவார். என் தங்கை செல்வி மூச்சு விட்டால் நெஞ்சு சீறும்.

ஒருநாள் அவள் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அம்மா உலக்கையோடு ஏழுமலை வீட்டுக்கு ஓடினாள். திராவகச் சாடிகள் நொறுங்கின. தரை பொங்கிப் புகைந்தது. திராவகம் தெறித்துக் கால் வெந்ததுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

"தொழில்கா இது! வுடுக்கா!" என்று கத்தினார் ஏழுமலை.

"எம் பொண்ணு அங்க செத்துக்கினு இருக்குது, தொழிலாம் தொழிலு! நீயே மோந்து பாருடா!"

அவர் தலைமயிரைப் பிடித்து இழுத்துப்போய் முகத்தைச் சாக்கடைமேல் அழுத்தினாள். தெருவே கூடி நின்றது.

"இன்னும் நல்லா அமுக்குமா!" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

ஏழுமலை இருமினார். அது செல்வியின் இருமல், அதே சீறல். மண்ணில் சிவப்பாகத் துப்பினார். அம்மாவின் பிடி தளர்ந்தது.

"உனக்குமாடா?"

"உள்ள கொழந்தைக்கும்கா."

அம்மா உள்ளே பாய்ந்து அந்தக் குழந்தையை அள்ளிக்கொண்டு, வெந்த காலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

செல்வி வீடு திரும்பினாள். அந்தக் குழந்தை திரும்பவில்லை.

இப்போது வாய் நிறைய வசவோடு, ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு தெருமுனை நெருப்பை நோக்கி நான் படியிறங்கி ஓடுகிறேன்.