காலிக் கட்டம்

கம்ப்யூட்டர் சாரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர் முகமில்லை, அவருடைய திரையில் என் மகன் பேரைப் பார்த்த அந்த நிமிஷம்தான். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் அவர் ஆபீஸ். நான் அங்கே கூட்டிப் பெருக்கி டீ வைத்துக் கொடுக்கிறவள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்த் தகவலில்லாமல் போனவர்களை வீட்டு ஆட்கள் தேடுவதற்கென்று அவர் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் நடத்தினார். பேர், தகப்பன் பேர், ஊர் என்று வரிசை வரிசையாக அதில் இருக்கும். என் மகனும் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு கப்பல் கம்பெனி வேலைக்கென்று துபாய் போனவன். மூன்று வருஷமாகப் போன் இல்லை.

நான் கேட்கக் கூசி நின்றதைப் பார்த்து அவரே கூப்பிட்டு எழுதினார். தகப்பன் பேர் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டுக்காரர் பேரை நான் வாயால் சொன்னதில்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் சொன்னதில்லை. எழுதிக் காட்டவும் கை வரவில்லை. சார் சிரித்துவிட்டு, "சரி ஆத்தா, அந்தக் கட்டம் காலியா இருக்கட்டும்" என்றார். பிறகு திரையைத் திருப்பிக் காட்டினார். மகன் பேர் இருந்தது.

அந்த இன்டர்நெட் பக்கம் திரைக்குப் பின்னால் எச்.டி.எம்.எல். என்ற கம்ப்யூட்டர் எழுத்தில் போகுமாம். பார்வைக்கு ஒழுங்காக இருந்தாலும் உள்ளே மூடாமல் விட்ட குறியும் வெற்று வரியுமாக ஒரே குப்பை, போனில் திறக்க நேரமாகிறது என்று சார் சலித்துக்கொள்வார். பக்கம் வெளியே போகுமுன் தானாகவே அதைச் சுத்தம் பண்ண ஒரு புரோகிராம் எழுதினார். "நீங்க ஒரு நாளைக்கு ஒரு தடவை கூட்டுறீங்க. இது ஒவ்வொருத்தர் பாக்கும்போதும் கூட்டிரும்" என்று பெருமையாகச் சொன்னார். பாதி எழுதிவிட்டுப் போனவர்களின் வரிசையும் ஒழியட்டும் என்று, காலிக் கட்டம் உள்ள வரிசையை எடுத்துவிட அதற்குச் சொல்லி வைத்திருந்தார். என்னுடையதும் அதில் போகும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் சேர்த்து வைத்த இடத்தில் பேர் பத்திரமாக இருந்தது, ஊர் உலகம் பார்க்கிற பக்கத்தில் இல்லை. அந்தத் திரைக்குக் கீழேதான் தினமும் கூட்டினேன். இன்னொரு தடவை காட்டுங்க சார் என்று கேட்டிருக்கலாம். வேலையாக இருக்கிறவரை எதற்குத் தொந்தரவு பண்ண என்று இருந்துவிட்டேன்.

ஒரு வருஷம் கழித்து விராலிமலைப் பக்கத்து ஆள் ஒருவர் எங்கள் ஊரில் விசாரித்துக்கொண்டு என்னைத் தேடி ஆபீஸுக்கே வந்தார். துபாயில் என் மகனோடு ஒரே ரூமில் இருந்தவராம். ஊர் ஞாபகம் வந்த ஒரு நாள், ஆத்தா தேடினால் திரும்பிப் போகலாம் என்று இரண்டு பேரும் செல்லில் அந்தப் பக்கத்தைப் பார்த்தார்களாம்.

"மேலேருந்து கீழ வரைக்கும் ரெண்டு தடவை பாத்தோம், ஆத்தா. ஆத்தா என்னைய விட்டுருச்சுன்னான். மறுவாரம் பையத் தூக்கிட்டு எங்கிட்டோ போயிட்டான்."

சார் உடனே உட்கார்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். காலியாக விட்ட அந்தக் கட்டத்தால்தான் வரிசை போயிற்று என்றார். நான் அவரைத் திட்டவில்லை. அவர் பக்கத்தில் போய் வீட்டுக்காரர் பேரைச் சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது, முதல் தடவை அவருக்குக் கேட்கவில்லை.

இப்போது சார் ஆபீஸை மூடிவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். பக்கத்தை மட்டும் எடுக்காமல் விட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் எப்போதாவது அதைத் திறந்து காட்டுகிறாள். மகன் பேரும் தகப்பன் பேரும் சேர்ந்து, ஒரு கட்டமும் காலியில்லாமல் இருக்கிறது. ஒரு தடவை பார்த்து இல்லை என்று தெரிந்துகொண்டவன் மறுபடி எதற்குப் பார்க்கப் போகிறான்.