பூசையன்று நிறுத்திவைத்த சர்வர்

கோவில்பட்டியில் என் வீட்டு முன்னறையில் அந்த சர்வரை நானே அமைத்தேன். பழைய கணினிதான். தீப்பெட்டி ஆலை இயந்திரங்களுக்கு நானும் என் கூட்டாளியும் எழுதும் நிரல்களின் ஒவ்வொரு திருத்தமும், யார் எப்போது செய்தது என்ற குறிப்போடு, அதில் சேர வேண்டும். அவர் இருந்தது விளாத்திகுளத்தில். அவருடைய மடிக்கணினியில் ஒரு சாவிக் கோப்பை வைத்தோம். அது இல்லாமல் வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது. பஸ்ஸில் மடிக்கணினி தொலைந்துவிட்டால்? அதையும் நீளமான கடவுச்சொல்லால் பூட்டச் சொன்னேன். எங்கும் எழுதிவைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். இரண்டையும் கேட்டுக்கொண்டார்.

முழுதாக முடியாத எதையும் அவர் அனுப்ப மாட்டார். குச்சி அடுக்கும் இயந்திரத்தில் விரல் பட்டால் உடனே சக்கரம் நிற்பதற்கான நிரலை ஐந்து வாரம் தனியாக எழுதிக்கொண்டிருந்தார்.

ஆயுத பூசையன்று மாலை நாலரைக்குப் போன் செய்தார்.

"அண்ணாச்சி, முடிச்சிட்டேன். அனுப்புதேன், சர்வர் எடுக்க மாட்டேங்கு."

"பூசையில இருக்கு தம்பி. காலையில மறுபூசை முடிஞ்சுதான் தொடணும்."

"அதுக்கும் லீவா? பொட்டு வச்சாச்சா?"

"சந்தனம், குங்குமம் எல்லாம் ஆச்சு. பொரிதான் திங்க மாட்டேங்கு."

சிரித்தார். "சரி, நாளைக்கு அனுப்புதேன்."

ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் போதும். பூசையில் வைத்த எதையும் எங்கள் வீட்டில் அன்று தொடுவதில்லை. நானும் தொடவில்லை.

மறுநாள் காலை ஆறு பத்துக்கு அவர் மனைவி அழைத்தார். "குளிக்கப் போனாவ, விழுந்துட்டாவ. வாய் கோணிக்கிட்டு அண்ணாச்சி."

பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மூன்று மாதத்தில் சில சொற்கள் திரும்பின, கடவுச்சொல் திரும்பவில்லை. இடது கையால் அவர் தட்டிப் பார்த்த எதற்கும் மடிக்கணினி திறக்கவில்லை.

அவர் தொடங்குவதற்கு முன் சர்வரில் இருந்த இயந்திர நிரலை வைத்து நானே அந்த நிரலை மறுபடி எழுதினேன். எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயரைப் போட்டேன். இயந்திரத்தில் சரியாக ஓடியது. விளாத்திகுளத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கட்டிலில் சாய்ந்தபடி ஒவ்வொரு வரியாகப் படித்தார். வெகு நேரம் ஆயிற்று.

"நான்... எழுதல," என்றார்.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி கேட்டார்: "அவிய என்ன சொல்லுதாவ, அண்ணாச்சி?"

"எல்லாம் சரியா இருக்காம்," என்றேன்.

கட்டிலில் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.